மூக்கர் வாயை மூடிக்கொண்ட விருந்து

உணவகத்தில் அவருக்குப் பெயரே மூக்கர்தான். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று மேசை மேசையாகப் போய்ச் சொல்வது அவர் வேலை. கிளாஸை ஒரு சுழற்று சுழற்றுவார், மூக்கை உள்ளே விடுவார், தீர்ப்பு வந்துவிடும். அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். யாருக்கு வாய்க்கும் இந்தக் கொடுப்பினை?

வினை என்னவென்றால், அந்த மூக்கை அங்கேயே கழற்றி மாட்டிவிட்டு வர முடியவில்லை. வீட்டில் மனைவி தட்டை வைத்ததும் குனிந்து மோந்து பார்ப்பார். "எண்ணெய் கொஞ்சம் தூக்கல். புளிப்பா ஒரு வெள்ளை ஒயின் இருந்தா சரியாப் போயிடும்." மறுநாள், "கறி வறண்டு போச்சு. சிவப்பு ஒண்ணு இருந்தா தெரியாது." மனுஷன் அதைக் குறையென்றே நினைக்கவில்லை, உதவி செய்கிறாராம். அடுப்படியில் வேகிறவளுக்கல்லவா தெரியும் வயிற்றெரிச்சல்!

போன வாரம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றாரு. அன்னிக்கு ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, குறை சொல்லாம சாப்பிடுங்க. சொன்னீங்க, மறுநாள் நான் அவர்கூடக் கிளம்பிடுவேன். அப்புறம் நீங்களே சமைச்சு நீங்களே மோந்து பாத்துக்குங்க." சும்மா மிரட்டல் இல்லை, பெட்டியைக் கட்டிக் கூடத்திலேயே வைத்துவிட்டாள். அவள் இல்லாத வீட்டை மூக்கரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

மச்சான் வந்தார், கையில் ஒரு பாட்டிலோடு. "மாப்பிள்ளை, விலையை மட்டும் கேக்காதீங்க" என்று தானே திறந்து ஊற்றினார். கிளாஸைத் தூக்கியதுமே மூக்கருக்குத் தெரிந்துவிட்டது. தக்கை கெட்டுப்போய், ஒயின் முழுக்க நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். உணவகமாக இருந்தால் கையோடு திருப்பி அனுப்பியிருப்பார். இங்கே கூடத்துப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார், மடக்கென்று விழுங்கினார்.

"பிரமாதம், மச்சான்."

மனைவி சுட்ட மீனைப் பரிமாறினாள். ஒரு வாய் வைத்துவிட்டு அதற்கும் "பிரமாதம்" என்றார். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சந்தோஷத்தில் தன் கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"என்னண்ணா இது, நனைஞ்ச அட்டை மாதிரி நாறுது." பிறகு மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள். "இதையா பிரமாதம்னீங்க? அப்போ என் மீனும் இதே லட்சணம்தானா?"

போச்சுடா. மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டார்.

"இல்லம்மா, மீன் நிஜமாவே நல்லா இருக்கு."

"பெட்டிக்குப் பயந்து சொல்றீங்க. எப்பவும் சொல்ற மாதிரி சொல்லுங்க. இதுக்கு எந்த ஒயின் வேணும்?"

மூக்கர் இன்னொரு துண்டை வாயில் போட்டு மென்றார். உப்பில் தேடினார், எண்ணெயில் தேடினார், கண்ணை மூடிக்கொண்டும் தேடினார். காலமெல்லாம் குறை கண்டவருக்கு, ஆத்திர அவசரத்துக்கு ஒன்றுகூட அகப்படவில்லை.

"ஒண்ணும் வேணாம்" என்றார் பாவம்போல. "எதை ஊத்தினாலும் இது கெட்டுப்போகும். கொஞ்சம் தண்ணி குடு."

இந்த வார்த்தையை அவர் எந்தச் சாப்பாட்டுக்கும் சொன்னதில்லை என்று அவளுக்குத் தெரியும். எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இருப்பதிலேயே பெரிய துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"அண்ணா, நாளைக்கு நீங்க மட்டும் போங்க" என்றாள். "அந்த பாட்டிலையும் எடுத்துட்டுப் போயிடுங்க."