அத்தையின் பெரட்டு

எங்கள் மடுல்சீமைத் தோட்டத்தில் பொழுது விடிவதே பெரட்டில்தான். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடும்போது பதில் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. என் அம்மா ஒருநாளும் நேரத்துக்குப் போனதில்லை. அவள் மூச்சு வாங்கப் படியேறி வரும்வரை சித்திதான் "வந்தாச்சுங்க!" என்று குரல் கொடுத்துக் காப்பாற்றுவாள். வராதவருக்காகப் பதில் சொல்வது எங்களுக்குப் பொய் அல்ல, ஒத்தாசை.

எனக்கு எட்டு வயதில், அப்பாவின் அக்கா வன்னியிலிருந்து தன்னந்தனியாக வந்து சேர்ந்தாள். அவள் வாழ்க்கைப்பட்டது, முந்தைய கலவரமொன்றுக்குப் பயந்து மலையகத்தை விட்டுப் போய் அங்கே குடியேறிய குடும்பத்தில். அங்கே நடந்ததை இன்று நான் இனப்படுகொலை என்றே சொல்கிறேன். அன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அது 'வடக்குப் பிரச்சினை'. அதையும் அப்பா கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்.

சாயங்காலம் மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரில் பாத்திரம் கழுவும்போது அத்தை நான்கு பெயர்களைச் சொல்வாள். மாமா, இரண்டு மகன்கள், கடைசியாக என் வயதுள்ள மகள் சுகந்தினி. மறந்துபோகக் கூடாதாம். எனக்கோ அதுவும் பெரட்டு. ஒவ்வொரு பெயருக்கும் "வந்தாச்சுங்க!" என்பேன். அத்தை லேசாகச் சிரிப்பாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அப்போது மட்டும்தான்.

காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கப் பதுளைக்கு அதிகாரிகள் வந்தார்கள். அத்தை துணைக்கு என்னைக் கூட்டிப்போனாள். பால்மா வரிசையில் அவர்கள் நின்றிருந்ததையும் செல் குண்டு வந்து விழுந்ததையும் கண் கலங்காமல் சொன்னாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். அதிகாரி எழுதிய பெயர்களைச் சரிபார்க்க ஒவ்வொன்றாக வாசித்தார். சும்மா இருப்பேனா? பெயரை வெட்டிவிடுவார்களே! எழுந்து நின்று நாலு பேருக்கும் பதில் கொடுத்தேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப இவங்க எல்லாம் இருக்காங்களா?"

"இல்லைங்க," என்றாள் அத்தை. "யாருமே இல்லைங்க."

அந்த வார்த்தையை அவள் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை என் கையை விடவேயில்லை.

விஷயம் தெரிந்ததும் அப்பா என்னைக் காய்ச்சி எடுத்தார். "இனிமே அத்தை பேர் சொன்னா வாயத் தொறக்கக் கூடாது, தெரியுதா?"

மறுநாள் சாயங்காலம் பீலியடியில் அத்தை மாமாவின் பெயரைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் உதட்டை இறுக மூடிக்கொண்டேன். ஒவ்வொரு பெயருக்கும் சற்றுக் காத்திருந்தாள். சுகந்தினியை மட்டும் இரண்டு தடவை கூப்பிட்டாள்.

நானா வாய் திறப்பேன்? அப்பா சொன்னபடி நடந்துகொண்ட பெருமையோடு சாப்பிட ஓடினேன்.