நபவிய்யா அழுத வெள்ளிக்கிழமை

நபவிய்யா வாயைத் திறந்தால் கால்வாய்க்கு அக்கரையில் மேயும் எருமை தலை தூக்கிப் பார்க்கும். சோஹாக் நகரப் பக்கத்துச் சாவு வீடுகளில் முப்பது வருடமாக அவள் ஒப்பாரிதான். கையில் சின்னப் பறை, முகமெல்லாம் துக்கத்துக்குப் பூசும் நீலச்சாயம். "இவ வந்து அழுதாத்தான் செத்தவனே செத்துட்டோம்னு நம்புவான்" என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு, மூத்த மகன் தாஹி கரும்புக்காட்டில் சுடப்பட்டுக் கிடந்தபோது வாயைப் பொத்திக்கொள்ள வேண்டி வந்தது. அந்த ஊர் வழக்கப்படி கொலையுண்டவனுக்கு அழக் கூடாது. துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் காப்பி கொடுக்கக் கூடாது. அழுதால் சாவை ஏற்றுக்கொண்டதாகவும் பழியை விட்டுவிட்டதாகவும் அர்த்தம். சுட்டவன் வீட்டில் ஒருத்தன் விழுந்த பிறகே அழலாம். என்ன சட்டமோ, நாசமாய்ப் போன சட்டம்!

பதினோரு மாதம் நெஞ்சுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினாள். கொழுந்தன் ஹம்தான் அவளுடைய இளைய மகன் ரிஃபாயின் கையில் துப்பாக்கியைத் திணித்தான். "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு அந்தக் கொலைகாரனோட தம்பி வெளிய வருவான். நெஞ்சுக்குப் பிடி."

அந்தத் தம்பி ரிஃபாயுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். வியாழக்கிழமை ராத்திரி ரிஃபாய் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, பயமா இருக்கும்மா."

"எனக்குந்தான்டா, ராசா."

மறுநாள் காலை அவள் நீலத்தைக் கரைத்து முகத்திலும் கைகளிலும் பூசினாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டுப் பறையோடு நடுத்தெருவுக்கு வந்தாள். ஹம்தான் பதறி ஓடிவந்தான்.

"அண்ணி! உள்ள போ! குடும்ப மானத்த வாங்காத!"

"மானத்த நீயே வச்சுக்க, தம்பி. எனக்கு ஒரு புள்ளயாச்சும் மிஞ்சணும்."

பறையில் அறைந்தாள். "ஐயோ தாஹீ! செத்துட்டியேடா, என் மகனே!" பதினோரு மாதத்துக் கத்தல் அது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெண்கள் வந்து அவளோடு சேர்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். ஊரே கேட்டுவிட்டது. இனி யாரும் யாரையும் சுட முடியாது. ரிஃபாய் துப்பாக்கியை வாசலில் வைத்துவிட்டு விம்மினான்.

ஹம்தான் காறித் துப்பினான். "இன்னைக்கோட உனக்கு ரெண்டு புள்ளயும் செத்தாச்சு."

பழிவாங்காதவனுக்கு அந்த ஊரில் சலாம் சொல்ல ஆளில்லை. சாயங்கால ரயிலில் ரிஃபாய் அலெக்ஸாண்டிரியாவுக்குப் போனான். அதன் பிறகு எந்தச் சாவு வீடும் நபவிய்யாவைக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மகன் போனில் கூப்பிடுவான்.

"ஏம்மா பேசவே மாட்டேங்கிற?"

"நீ பேசுடா. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."