நாற்பத்திரண்டு நிமிட அமைதி

தெருக்கோடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவருக்கு மனிதர்கள் பேசினால் பிடிக்காது. ஆகவே, பேசுவதற்கென்றே அரசாங்கத்தில் ஒரு ஹாம் ரேடியோ உரிமம் வாங்கி வைத்திருந்தார். தேர்வெழுதி, இரண்டாம் தடவையில் தேறி, மாடி அறையில் வானொலிப் பெட்டி, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஆன்டெனா, மேஜைக்கடியில் கார் பேட்டரி என்று தனிக் குடித்தனமே நடத்தினார். கடையில் "கீழ் வரிசையைப் படிங்க" என்பதைத் தாண்டி ஒரு சொல் செலவழிக்க மாட்டார். வீட்டில் அதுவும் கிடையாது.

வெள்ளமோ புயலோ வந்து செல்போன்கள் செத்துப்போனால் செய்தி கடத்துவதற்கென்று அவரையும் சேர்த்து நான்கு பேர் சம்பளமில்லாமல் ஒரு குழுவாக இருந்தார்கள். ஞாயிறுதோறும் ஒத்திகை. இவருடையது கட்டுப்பாட்டு நிலையம். அதாவது, யார் எப்போது வாய் திறக்கலாம் என்று சொல்கிற பதவி. இரண்டே விதிகள். சுருக்கமாகப் பேச வேண்டும். இவர் அனுமதியில்லாமல் யாரும் வேறு அலைவரிசைக்கு நகரக் கூடாது. மீறினால் தடித்த பதிவேட்டில் ஏறும். ஏறியதில் முக்கால்வாசி குழுவிலிருந்த மருந்துக்கடை அம்மாவின் குற்றங்கள்.

மூன்று நாள் மழையில் ஆறு தெருவுக்கு வந்தது. செல்போன் கோபுரங்கள் முதல் நாளே படுத்துவிட்டன. மருந்துக்கடை அம்மா பள்ளிக்கூட முகாமுக்கும், லேப்காரர் மருத்துவமனைக்கும், டிரைவிங் ஸ்கூல்காரர் படகு இருந்த தீயணைப்பு நிலையத்துக்கும் ஆளுக்கொரு வானொலி செட்டுடன் போய் உட்கார்ந்தார்கள். நம்மவர் மாடியில். இரண்டு நாள் வேலை கச்சிதமாக நடந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் முகாமிலிருந்த மூன்று பேருக்கு டயாலிசிஸ் நாள். மூவருக்கும் ஒரே நேரத்தில் செய்தாலும் நான்கு மணி நேரம் பிடிக்கும். மருத்துவமனை ஜெனரேட்டரில் டீசல் இரவு எட்டு வரைதான்; நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். படகு கேட்க வேண்டும், அவ்வளவே. ஒன்று பத்துக்கு மருந்துக்கடை அம்மா செட்டைக் கையில் எடுத்தார்.

அதே ஒன்று பத்துக்கு நம்மவர் முந்தைய செய்தியை முத்துமுத்தாக எழுதி முடித்து, பதிவேட்டை மூடி மேஜைமேல் வைத்தார். அது மைக்கின் பொத்தான்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்தது. பொத்தான் அமுங்கியிருக்கும்வரை அவர் பெட்டி பேசும், கேட்காது. உயரமான ஆன்டெனாவும் அவருடையதே. அது பேசினால் மற்ற மூவரின் குரல் எடுபடாது. முகாமில் ஒலித்தது, மாடியேறி வந்த அவர் வீட்டம்மாவின் குரல்தான்:

"படிக்கட்டுல வச்ச பக்கெட் நெறஞ்சு வழியுது. ஊரைக் காப்பாத்துறீங்க, வீடு ஒழுகுது."

"உஸ்! கேட்டியா?"

"என்னத்தக் கேக்குறது? ஒண்ணும் கேக்கலயே."

"அதான் சொல்றேன். எவ்வளவு அமைதி பாரு! இதுக்குப் பேருதான் கட்டுப்பாடு. அந்த மருந்துக்கடை அம்மாவே அடங்கிட்டாங்கன்னா பாத்துக்கயேன். நல்ல மனுஷிதான், ஆனா வாயைத் தொறந்தா ஷட்டர் எறங்காது."

டயாலிசிஸுக்குக் காத்திருந்த மூவரில் ஒருவரான தபால்காரர் கேட்டார்: "யாரும்மா இவரு?"

"எங்க தலைவர்," என்றார் அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு.

விதியை மீறி வேறு அலைவரிசைக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். அங்கே ஈ காக்கை இல்லை. மற்ற இருவரும் நல்ல பிள்ளைகளாக விதிக்குக் கட்டுப்பட்டு, பக்கெட் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் பொறுத்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு மாடியேறி நின்றவரைப் பார்த்து நம்மவருக்குக் கோபம்தான் வந்தது.

"யாரைக் கேட்டு முகாமை விட்டு வந்தீங்க?"

"அண்ணே, புக்கைத் தூக்குங்க."

"எந்த புக்கு?"

அந்த அம்மாவே தூக்கினார். பெட்டியில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. ஊருக்கெல்லாம் பார்வை பார்க்கிறவர் அதை இத்தனை நேரம் பார்க்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து டிரைவிங் ஸ்கூல்காரர் பாய்ந்தார்: "சார், கேக்குதா சார்? முதல்ல அந்த பக்கெட்டைக் கொட்டச் சொல்லுங்க சார்!"

நம்மவர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப... ஷட்டரு?"

"முகாமே கேட்டுச்சுண்ணே. படகைக் கூப்பிடுங்க."

நம்மவர் மைக்கை அந்த அம்மாவிடமே நீட்டினார். மூன்று பேர், எங்கே, எதற்காக, எத்தனை மணிக்குள் என்று பத்து விநாடியில் அந்த அம்மா சொல்லி முடித்துவிட்டார். இரண்டு ஐந்துக்குப் படகு கிளம்பியது.

பிறகு செய்வதற்கு எதுவுமில்லை. பாலத்தடியில் இழுப்பு அதிகம் என்று டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான். வீட்டம்மா துண்டும் டீயும் கொண்டுவந்தார். நம்மவர் பதிவேட்டைப் பிரித்து எழுதினார்: "1.10 முதல் 1.52 வரை அலைவரிசை அடைப்பு. காரணம்: கட்டுப்பாட்டு நிலையம்."

வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "கட்டுப்பாட்டு நிலையம்னா யாருங்க?"

கடைசி இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு "நான்" என்று எழுதினார். பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். மருந்துக்கடை அம்மா டீயை ஊதிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்; தோள் மட்டும் குலுங்கியது.

மூன்று இருபதுக்கு மருத்துவமனையிலிருந்து லேப்காரரின் குரல் வந்தது: "மூணு பேரும் வந்தாச்சு. மூணு பேரையும் மிஷின்ல போட்டாச்சு."

செய்தி தெளிவாகத்தான் கேட்டது. என்றாலும் நம்மவர் பொத்தானை அமுக்கி, "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார்.