வெள்ளவத்தையில் ஜப்பான் பனி

எட்டாம் வகுப்போடு ஹட்டனில் படிப்பை விட்டு லொறி ஏறியவன் நான். போர்க்காலத்துக் கொழும்பில் பல வேலை பார்த்தேன். நீண்ட நாள் நிலைத்தது, ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் வெளிநாட்டுக்காரரின் வீட்டுச் சாமான்களைப் பெட்டி கட்டும் வேலை. அப்படி ஒரு ஜப்பானியர் வீட்டில்தான் முதல் படம் கிடைத்தது. மரப்பலகையில் செதுக்கி, நிறத்துக்கொரு பலகையாக ஒற்றி எடுத்த படம். மலை, வேலி, எல்லாவற்றையும் மூடிய பனி. வேலையை மறந்து நின்றுவிட்டேன். வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே அதைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். வரைந்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், ஓரத்தில் பென்சிலில் இருப்பது அவர் கையெழுத்து என்று பாதி சைகையில் சொன்னார்.

பிறகு தேடத் தொடங்கினேன். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய சாமான் கடைக்கு இப்படிப்பட்ட வீடுகளின் படங்கள் வரும். கடைக்காரருக்குப் படத்தின் மரச்சட்டம்தான் முக்கியம். உள்ளே இருப்பதை உருவிவிட்டு லட்சுமியையோ மாதாவையோ வைத்து விற்பார். உருவிய பனியெல்லாம் எனக்கு. பூவும் கோடையும் வந்தால் வேண்டாம் என்பேன். "ஏன், ஒனக்கு வெயில் புடிக்காதா?" என்பார். பிடிக்கும். ஆனால் அது தெருவிலேயே கிடைக்கிறதே.

வெள்ளவத்தை லொட்ஜில் என் அறையில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன் இருந்தான். ஏஜென்சிக்காரன் கனடா அனுப்புவான் என்று காத்திருந்தவன். பொலிஸ் தெருவைச் சுற்றிவளைத்துச் சோதித்த ஒருநாள், வெளியூர்த் தமிழர் கையில் வைத்திருக்க வேண்டிய அவனுடைய பொலிஸ் பதிவுத் துண்டு வியர்வையில் ஊறி எழுத்து அழிந்திருந்ததால் பிடித்துக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்து விட்டார்கள். வந்ததும் குளித்தான், சாப்பிட்டான், கையிலிருந்த அத்தனை காகிதத்தையும் லேமினேட் செய்தான்.

என் படங்களில் இருவருக்கும் பிடித்தது ஒன்றே. சின்ன ரயில் நிலையம், ரயில் இல்லை, ஒரு மனிதன் தனியாகப் பனி வாருகிறான். இதன் ஓரத்திலும் அதே பென்சில் கையெழுத்து.

"அண்ணை, இந்தாளுக்கு ஓவர்டைம் குடுக்கிறாங்களோ?"

"நீ போய்க் கேட்டு எழுது. அந்தப் பக்கந்தானே போற?"

"எனக்கும் கனடாவில இதுதான் வேலையெண்டு அங்க இருக்கிற மச்சான் சொன்னவன்."

இந்தப் படங்களில் பனிக்கென்று தனி மை கிடையாது. மை படாத வெறுங்காகிதம்தான் பனி. அதனால் கடற்காற்றின் ஈரத்தில் வரும் பழுப்புப் புள்ளி முதலில் அங்கேதான் தெரியும். கற்பூரம் வைத்தேன், பத்திரிகைத் தாளுக்குள் வைத்தேன். பலனில்லை.

"உங்கட பனியில சொறி பிடிச்சிட்டுது அண்ணை," என்றான் தம்பி, உண்மையான கவலையோடு.

அவனுக்குப் பயணம் சரிவந்த வாரம், நான் இரத்மலானையில் பெட்டி கட்டிவிட்டு அறைக்குத் திரும்பினேன். ரயில் நிலையத்தைக் காணவில்லை. பக்கத்து அறைக்காரர் சொன்னார்: "தம்பி கொண்டு போயிட்டார். லேமினேட் பண்ணப் போறாராம்."

காலி வீதி என்ற அந்தப் பெருந்தெருவில், காவலரண் சிப்பாய்கள் சந்தேகப்படும்படி ஓடக்கூடாத காலம். ஓடினேன். கடையில் அடையாள அட்டைகளோடு வரிசை. முன்னால் தம்பி. படம் ஏற்கெனவே பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. சூடான உருளைக்குள் போய் வந்தால் பிறகு காகிதத்தைப் பிரிக்கவே முடியாது.

"டேய், எடுக்கச் சொல்லுப்பா!"

"ஏன் அண்ணை? காசு குடுத்திட்டன். நான் போனாப் பிறகு ஆர் இதைப் பாக்கிறது? நீங்கள் ஊர் சுத்தப் போயிடுவியள்."

அவன் முகத்தைப் பார்த்தேன். தனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பை எனக்கு விட்டுப்போகப் பார்க்கிறான்.

"போடவா, வாணாவா? பின்னால ஆக்கள் நிக்கிறாங்க," என்றார் கடைக்காரர்.

உறைக்குள் விரலை விட்டு, பென்சில் கையெழுத்தைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்தேன். "போடுங்க," என்றேன்.

பனி சுடச்சுட வெளியே வந்தது. தம்பி அதை விசிறியபடியே என்னைச் சைவக்கடைக்கு இழுத்துப் போனான். படத்தை மேசையில் வைத்தான். தோசையைப் பிய்த்த அவசரத்தில் சாம்பார் தெறித்து, நிலையத்தின் கூரையில் விழுந்தது. நான் எழுந்தே விட்டேன். அவன் சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்தான்.

"பாத்தியளே!" என்று படத்தைத் தூக்கிக் கடை முழுக்கக் காட்டினான்.