ஆறு வரியா, ஒரு வரியா: திருத்தணிப் பக்கம் ஒரு படப் புத்தகப் பயணம்

சென்ற மாசிக் கடைசியில் நானும் சித்திரக்காரர் சபாபதியும் திருத்தணி வழியாகப் பொதட்டூர்பேட்டைக்குப் போய்வந்தோம். சுவாமி தரிசனமும் ஆயிற்று என்றாலும், போன காரியம் சண்டை தீர்ப்பது.

சென்னையில் நாங்கள் வேலை பார்க்கும் பதிப்பகத்தில் குழந்தைகளுக்காக ஒரு படப் புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. படம் அவருடையது, எழுத்து என்னுடையது. யுத்தக் காலக் காகிதக் கட்டுப்பாட்டில் கிடைத்ததே பதினாறு பக்கத்துக்குத்தான். ஒரு நெசவாளி வீட்டுப் பூனை நூல்கண்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. வீடே அதைத் தேடுகிறது. இவ்வளவுதான் கதை. பக்கத்துக்கு ஆறு வரி எழுதியிருந்தேன். "உம்ம ஆறு வரி என் படத்தின் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, ஒரு வரி போதும்" என்றார் சபாபதி. வார்த்தை தடித்தது. ஒரு மாதம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து பேசாமல் வேலை செய்தோம். கடைசியில் முதலாளி, "குழந்தைகளிடம் காட்டிவிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு தெரியாவிட்டால் இந்தக் காகிதத்தில் பஞ்சாங்கம் போட்டுவிடுவேன்" என்று சொல்லிவிட்டார். சபாபதியின் தங்கை கோகிலா பொதட்டூர்பேட்டையில் பள்ளி ஆசிரியை. அதனால் அந்த ஊர்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு சென்னையில் ரயில் ஏறினோம். அரக்கோணம் நாற்பத்து மூன்று மைல். பட்டாளத்து ஆட்கள் பெட்டியை அடைத்துக்கொண்டிருந்ததால் அவ்வளவு தூரமும் நின்றபடியே பயணம். படங்களை வைத்திருந்த அட்டைப் பையை சபாபதி தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே வந்தார். நான் கை மாற்றிப் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அரக்கோணத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்து வண்டி மாறி, எட்டு மைல் தாண்டித் திருத்தணியில் இறங்கும்போது மணி பத்தேகால்.

அங்கிருந்து பொதட்டூர்பேட்டை ஏறத்தாழ பதினான்கு மைல். பஸ் சீட்டு ஆறு அணா. பெட்ரோல் கிடைக்காத காலமாகையால் பின்பக்கம் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ். மேடு வந்தபோதெல்லாம் இறங்கச் சொன்னார்கள். இரண்டாவது மேட்டில் நான் முணுமுணுத்ததை டிரைவர் கேட்டுவிட்டார்.

"இன்னா சார் பண்றது? பெட்ரோலு கெடச்சா நான் ஏன் கரியைக் கிண்டிகினு கீறேன்? நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் கை குடுங்க, ஏறிடும்."

ஒரே கம்பியைப் பிடித்துத் தள்ளினோம். அப்போதும் பேசவில்லை. ஊர் போய்ச் சேர இரண்டு மணி இருபது நிமிஷம் ஆயிற்று. சட்டை, மூக்கு, காது எல்லாம் கரி. கோகிலா எங்களைப் பார்த்ததும், "அண்ணா, மொதல்ல ரெண்டு பேரும் மூஞ்சி கழுவுங்க. பசங்க பயந்துடும்" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகள் இருப்பார்கள். பெரும்பாலும் தறிக்கார வீட்டுப் பிள்ளைகள். பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். முதலில் நான் படிப்பது, சபாபதி படத்தைப் பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. முதல் பக்கத்தில் மூன்றாவது வரிக்கு வந்தபோதே பிள்ளைகள் படத்தைப் பார்த்து முடித்துவிட்டார்கள். நான்காவது வரியில் ஒருவன் கொட்டாவி விட்டான். ஐந்தாம் பக்கத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்றுபோகிற இடம். அங்கே பொறுமையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதியிருந்தேன். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் இரண்டு பேர் அடுத்த படத்தை எட்டிப் பிடித்து இழுத்தார்கள். சபாபதி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அது சிரிப்பதைவிட மோசமாக இருந்தது.

அப்புறம் அவருடைய முறை. எழுத்தை அட்டையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டினார். வகுப்பு கலகலவென்றாகிவிட்டது. தமிழும் தெலுங்குமாகப் பிள்ளைகளே கதை சொன்னார்கள். அவர் முகம் மலர்ந்தது. ஐந்தாம் பக்கம் வந்தது. எல்லம்மா என்ற பெண், பத்து வயது இருக்கும், எழுந்து நின்றாள்.

"சார், இந்த ஆளு இப்டி உக்காந்தா எப்டி நெய்வாரு? எங்க நைனாவுக்குக் காலு தறிக்குக் கீழ குழியில இருக்கும். இவரு பூஜைக்கு உக்காந்தா மாதிரி கீறாரு."

வகுப்பே சிரித்தது. சபாபதி மைலாப்பூர்க்காரர். தறியை ஏதோ ஒரு போட்டோவில் பார்த்து வரைந்தவர். காது வரை சிவந்துவிட்டார். எனக்கு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. காலையிலிருந்து அந்தப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்த கை நினைவுக்கு வந்தது.

எல்லம்மா உட்கார்ந்தாள். அவள் தோளில் சாய்ந்திருந்த தங்கை மங்கா, "அக்கா, இப்ப இன்னா படம்? சொல்லேன்" என்றாள். அப்போதுதான் கவனித்தேன். ஏழு வயதுக் குழந்தை. கண்கள் எங்கோ நிலைகுத்தியிருந்தன. மூன்று வருஷத்துக்கு முன் அம்மை போட்டபோது பார்வை போய்விட்டதாம். கோகிலா என் காதருகே சொன்னாள்.

பூனை எப்படி, பானை எங்கே என்று எல்லம்மா விவரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தங்கையின் காதில் சொன்னது இது:

"தறி நின்னுபோச்சுடி. வூடு கம்முனு கீது."

மங்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். விடிந்தது முதல் தறிச் சத்தம் ஓயாத வீட்டில் பிறந்த குழந்தை. அந்த வீடு கம்மென்று ஆனால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். "அப்புறம்?" என்றாள்.

நான் ஆறு வரியில் செய்ய முடியாததை அந்தப் பெண் ஒரு மூச்சில் செய்துவிட்டாள். படத்தில் தெரிகிற எதையும் அவள் சொல்லவில்லை, படத்தில் வரைய முடியாததைச் சொன்னாள். தாளை எடுத்து எல்லா வரியையும் அடித்துவிட்டு, 'தறி நின்றது. வீடு கம்மென்று இருந்தது' என்று எழுதி சபாபதியிடம் நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். "இதற்கு இடம் விடுகிறேன்" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

மாலையில் எல்லம்மா வீட்டுக்கே போய், அவள் அப்பா கால் வைக்கும் குழியையும் மிதிக்கும் பலகையையும் சபாபதி மண்டி போட்டு வரைந்துகொண்டார். கடைசி பஸ்ஸில் திருத்தணிக்குத் திரும்பி, மறுநாள் காலை மலை ஏறினோம். முந்நூற்று அறுபத்தைந்து படிகள். இருநூறுக்கு மேல் எனக்கு முழங்கால் கெஞ்சியது. அங்கேயே உட்கார்ந்து மற்றப் பக்கங்களையும் ஒவ்வொரு வரியாக வெட்டினோம். சில இடத்தில் அவர் ஜெயித்தார், சில இடத்தில் நான். மேலே போனபோது கும்பிடத் தெம்பு இருந்ததே தவிர, ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

சென்னையில் எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். முதலாளி தாளைப் புரட்டிவிட்டு, "புத்தகம் வாங்குவது குழந்தை இல்லை சார், அப்பன். கடையில் நின்று எழுத்தை எண்ணுவான். பக்கத்துக்கு ஒரு வரி என்றால் ஏமாற்றுகிறான் என்பான்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. கடைசிப் பக்கத்தில் பெற்றோருக்கென்று பொடி எழுத்தில் ஒரு முழு நீதி உபதேசம் எழுதிக் கொடுத்தேன். மற்றப் பதினைந்து பக்கங்கள் தப்பின. இதற்கு மேல் வாதாட உடம்பில் வலு இல்லை.

இதுபோல் புத்தகத்தோடு கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பொதட்டூர்பேட்டைக்குப் போக முழு நாளை ஒதுக்குங்கள்; பஸ்ஸில் வெள்ளைச் சட்டை வேண்டாம். குடிக்கத் தண்ணீர் கையோடு இருக்கட்டும். மலையைக் காலை எட்டு மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள், அப்புறம் படி சுடும். பிள்ளைகளிடம் போனால் ஒரு தரம் படத்தை மூடிப் படித்துப் பாருங்கள், ஒரு தரம் வாயை மூடிப் படத்தைக் காட்டுங்கள். இரண்டிலும் அவமானப்பட வேண்டியிருக்கும். அதற்குத்தான் போவது.

புத்தகம் வெளிவந்து பள்ளிக்கு ஐந்து பிரதி அனுப்பினோம். போன வாரம் கோகிலாவின் கடிதம் வந்தது. பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து இப்போது புத்தகம் படித்துக் காட்டுவது மங்காதானாம். வரியெல்லாம் மனப்பாடமாம், பக்கத்தை அவளே திருப்புகிறாளாம். சில சமயம் இரண்டு தாள் சேர்ந்து புரண்டுவிடுகிறது. படம் ஒன்று, அவள் சொல்வது வேறொன்று. ஒரு பிள்ளையும் வாய் திறப்பதில்லையாம், அவள் சொல்லி முடிக்கும் வரை.