ஜன்னல் கம்பியில் தொங்கிய குட்டி டைகள்

விழுப்புரத்தில் சின்னதாக ஒரு நர்சரி நடத்துகிறேன். ஊர் ஊராகப் போய்ப் பால்வாடிகளைப் பார்த்து எழுதுவது என் பழக்கம். 2016 பிப்ரவரியில் நெய்வேலிக்குப் போனதற்குக் காரணம் ஒரு தோழி. மந்தாரக்குப்பத்தில் ஒரு பால்வாடியில் சாயங்காலம் வரை பிள்ளைகள் நிறைந்திருப்பதாகச் சொன்னாள். நான் நம்பவில்லை. சொல்லிவிட்டுப் போனால் கலர் பேப்பர் தோரணமும் "வெல்கம் மேடம்" கோரஸும் தயாராகிவிடும். அதனால் சொல்லாமல் கிளம்பினேன்.

பண்ருட்டியில் பஸ் மாறி, முத்தாண்டிக்குப்பம் வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். முக்கால் மணி நேரம். டவுன்ஷிப்பில் அகலச் சாலை, நிழல், வரிசையாகக் குவார்ட்டர்ஸ். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மந்தாரக்குப்பம் வந்தால் வாடகை வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. நிலக்கரிச் சுரங்கத்தின் பெர்மனென்ட் ஆட்கள் அங்கே, கான்ட்ராக்ட் ஆட்கள் இங்கே.

பத்தரைக்கு உள்ளே நுழைந்தேன். மொத்தம் நாலு குழந்தைகள். டீச்சர் (செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்) எழுந்து, முதலில் எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார்.

"ஜீப்பு எங்க நிக்குதுங்க?"

"ஜீப்பா? நான் பஸ்ல வந்தேங்க. நானும் டீச்சர்தான்."

"ஆபீசருங்க இப்பல்லாம் பஸ்லயும் வர்றாங்க" என்றார் சிரிக்காமல்.

மற்ற பிள்ளைகள் எங்கே என்றால் "வருவாங்க" என்பதற்கு மேல் பேச்சில்லை. சரிதான், நிறைந்த பால்வாடியின் லட்சணம் இதுதான் என்று தோழியைத் திட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். ஆனால் விட மனமில்லை. ஒரு மணிக்குத் திரும்பினேன்.

அறையில் கால் வைக்க இடமில்லை! எல்லாரும் தட்டும் கையுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் குட்டி ஷூக்கள். ஜன்னல் கம்பியில் எலாஸ்டிக் வைத்த டைகள் வரிசையாகத் தொங்கின. பால்வாடியில் ஏது டை? என்னை ஆபீசர் என்று நினைத்து, பக்கத்து நர்சரியிலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்கி உட்கார வைத்திருக்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கேட்டேவிட்டேன்.

"இரவலா?" செல்வி டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தார். "எல்லாம் எங்க புள்ளைங்கதாங்க. காலைல இங்கிலீஷ் நர்சரிக்குப் போவுதுங்க. அங்க பன்னண்டரைக்கு வுட்டுடுவாங்க. அம்மாக்காரி கான்ட்ராக்ட் வேல முடிஞ்சு வர நாலு மணி ஆவும். வூட்ல வச்சுப் பூட்டிக்கினா போவ முடியும்? எங்க ஆயாதான் போய்க் கூட்டிக்கினு வருது."

எங்கள் நர்சரியும் பன்னிரண்டரைக்குத்தான் விடுகிறது.

"ஆபீசருங்க காலைல வந்து எண்ணிட்டு, புள்ளயே இல்லன்னு மெயின் ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கிற சென்டரோட சேத்துடுவாங்க. லாரி ஓடுற ரோடு. இதுங்க எப்பிடிங்க தாண்டும்?"

"காலையிலேயே இங்க அனுப்பச் சொல்லலாமே?"

"சொல்லாமயா இருப்பேன்? டவுன்ஷிப் புள்ளைங்க டை கட்டிக்கினு போவுதே, எம் புள்ள மட்டும் என்னா கொறச்சல்னு கேக்குறாங்க. நீங்களே சொல்லுங்க, என்னா பதில் சொல்றது?"

பிள்ளைகள் தூங்கி, எழுந்து, கதை கேட்டார்கள். நாலு மணிக்கு முதல் அம்மா வந்தார், புடவைக்கு மேல் போட்டிருந்த சட்டையெல்லாம் தூசி. செல்வி டீச்சர் ஒரு டையை எடுத்து மகளின் கழுத்தில் மாட்டி, தலைசீவி அனுப்பினார். நானும் கிளம்பினேன். வாசல் வரை வந்து, "எழுதுனாக்கூட எந்தத் தெருன்னு போடாதீங்க" என்றார். அப்போதும் கண் தெருவில் ஜீப்பைத் தேடியது.

அந்த அம்மாவும் மகளும் எனக்கு முன்னால் நடந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் குரல்: "இப்பத்தான் ஸ்கூல் வுட்டாங்களா?"

"ஆமாக்கா. இங்கிலீஷ் ஸ்கூலு இல்ல? லேட்டாத்தான் வுடுவாங்க."

சோறு போட்டது, தூங்க வைத்தது, தலைசீவியது எல்லாம் ஒரே வாக்கியத்தில் நர்சரிக் கணக்கில் போய்விட்டது. ஆனால் அந்த அம்மாவை என்னால் கோபிக்க முடியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பண்ருட்டியிலிருந்து பஸ் நிறைய உண்டு. மந்தாரக்குப்பத்தில் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. எந்தப் பால்வாடிக்குப் போனாலும் ஒரு மணிக்கு மேல் போங்கள். காலையில் எண்ணிவிட்டுத் திரும்பாதீர்கள். எந்தத் தெரு என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். நீங்கள் யாரென்று எனக்கென்ன தெரியும்?