அப்பா சேர்த்த சிவப்புகளும் பச்சைகளும்

போன வாரம் ஜொகூர் பாருவில் ஒரு கிளினிக்கில் டாக்டரம்மா என்னிடம் கேட்டார், "உங்க அப்பாவுக்குச் சிவப்பு, பச்சை எல்லாம் ஒழுங்கா தெரியுமா?"

"தெரியாம என்ன டாக்டர்? இருந்தவரைக்கும் அவருக்குப் பொழுதுபோக்கே கலர் கலரா சேர்க்கிறதுதான்," என்றேன். சொன்ன குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பக்கத்து நாற்காலியில் என் மகன் கவின் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது. இப்போது ஜொகூர் பாரு வரை வந்துவிட்ட மின்சார ரயிலில் ஓட்டுநர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தான். எழுத்துத் தேர்வு முடிந்தது, நேர்காணல் முடிந்தது, மருத்துவச் சோதனை ஒன்றுதான் பாக்கி. புள்ளிகளால் ஆன படங்களைக் காட்டி என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். எனக்கு எட்டி நின்றே தெரிந்த எண், அவனுக்கு வெறும் புள்ளிகள்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத இந்தக் குறை பெரும்பாலும் அம்மா வழியாக மகனுக்கு வரும் என்று டாக்டரம்மா விளக்கினார். அம்மாவின் கண் நன்றாகவே இருக்கும், அம்மாவின் அப்பாவுக்கு இருந்திருக்கலாம். மிகவும் மெதுவாக, என் மனம் நோகாதபடிதான் சொன்னார். நானும் வானிலைச் செய்தி கேட்பது போல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கார் நிறுத்துமிடத்தில், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கைப்பைக்குள் தேடினேன். கவின்தான் என் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்தான்.

நான் சும்மாவே பயந்தவள் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பையன் மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போனால்கூட வாசலுக்கும் சமையலறைக்கும் நடப்பேன். அவனுக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று இத்தனை வருஷமாக யோசித்ததில், என்னிடமிருந்தே ஒன்று போயிருக்கும் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள், தேறவில்லை என்று கடிதம் வந்த மாலை, அலமாரிக்கு மேலிருந்து அப்பாவின் ரொட்டி டின்னை இறக்கினேன். அப்பா போய்ப் பல வருஷமாகிறது. மூடியைத் திறந்ததும் பாச்சை உருண்டையும் தையல் மெஷின் எண்ணெயும் கலந்த வாசம். அதற்குள்ளிருப்பவை எல்லாம் பொம்மை ரயிலுக்குப் பக்கத்தில் வைக்கும் சாமான்கள். தகரத்தில் செய்த கைகாட்டி சிக்னல், தண்ணீர்த் தொட்டி, தண்டவாளக் கேட், பிளாட்பாரத்து விளக்குக் கம்பம், கட்டைவிரல் உயரத்தில் ஈயத்தால் செய்த போர்ட்டர். எந்தக் காலத்திலோ இங்கிலாந்தில் செய்து, வெள்ளைக்காரத் துரைமார் வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கப்பலில் வந்தவை. ஆனால் டின்னுக்குள் ஒரு ரயில்கூடக் கிடையாது.

"ரயிலுதான் எல்லாரும் வச்சிருக்கானே," என்பார் அப்பா. அவருக்கு வேண்டியது வேறு. ஒரே தண்ணீர்த் தொட்டி, ஆனால் ஒன்றின் மூடி சிவப்பு, இன்னொன்றில் பச்சை, மற்றொன்றில் பழுப்பு. "அச்சு ஒண்ணுதான் மா. அன்னைக்கு ஃபேக்டரில எந்தச் சாயம் மிச்சமோ அதை அடிச்சு அனுப்பிடுவான்," என்று விளக்குவார். அந்த வித்தியாசங்களைத்தான் அவர் சேர்த்தார்.

அப்பா ஜொகூரிலேயே குளுவாங் என்ற ஊரின் ஸ்டேஷனில் கூட்ஸ் குமாஸ்தா. ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். கூட்ஸ் ஷெட்டில் செம்பனை எண்ணெய்ப் பீப்பாய்களும் அன்னாசி டின் பெட்டிகளும் குவிந்திருக்கும். அப்பாவின் சட்டையைத் துவைத்தாலும் அந்த எண்ணெய் வாசம் போகாது. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை, "உங்க வீட்ல என்ன எப்பப் பாத்தாலும் பொரியலா?" என்று கேட்டிருக்கிறாள். நானும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். பொரியல் கொஞ்சம் கௌரவமாகத் தோன்றியது.

ரயில்வே பாஸ் இருந்ததால், விடுமுறை ஞாயிறுகளில் அப்பா என்னைச் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போவார். ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தை. தரையில் தார்ப்பாய் விரித்து, நின்றுபோன கடிகாரங்களுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் தவ்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளி உட்கார்ந்திருப்பார். அப்பாவைப் பார்த்ததும் காலுக்கடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுப்பார். மலாயில்தான் பேச்சு.

"இது உன்கிட்ட இல்லாத கலர் லா," என்பார் தவ்கே.

அப்பா அவருக்குப் பதில் சொல்ல மாட்டார். அதை என்னிடம் நீட்டி, "என்னா கலரு, சொல்லு பாப்போம்," என்பார்.

எனக்கு அது விளையாட்டு. வெறும் சிவப்பு என்று சொன்னால் அப்பா விட மாட்டார். "என்னா மாதிரி சிவப்பு?" என்று கிண்டுவார். அதனால் நானாகவே பெயர்கள் வைத்தேன். சிராப் சர்பத்துச் சிவப்பு, ரம்புத்தான் சிவப்பு, குங்குமச் சிவப்பு. பச்சையில் பந்தான் இலைப் பச்சை, பெத்தாய்க் கொட்டைப் பச்சை, ரப்பர் இலைப் பச்சை. தவ்கே சிரித்துக்கொண்டே, "அலமாக், உன் மகள் இதையெல்லாம் தின்னுடுவா போலிருக்கே!" என்பார். நான் சொன்ன பெயரை அப்பா உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் விலை பேசுவார். நான் கெட்டிக்காரி, அதனால்தான் அப்பா கேட்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பெருமை பல வருஷம் எனக்கு உதவியிருக்கிறது, பொய் சொல்வானேன்.

ஒரு முறை எனக்கு அம்மை போட்டிருந்ததால் அவர் மட்டும் போனார். திரும்பி வந்து, கிடைக்காத பொருள் கிடைத்தது போல் ஒரு தண்டவாளக் கேட்டைக் கட்டிலில் வைத்தார். "பச்சை கேட்டு மா! தவ்கே சத்தியம் பண்ணான்."

"இது ரம்புத்தான் சிவப்புப்பா. நம்மகிட்ட இருக்கே."

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "இருக்கட்டும். ஒண்ணு உடைஞ்சா ஒண்ணு." அதற்குப் பிறகு என் அம்மைக் கொப்புளமெல்லாம் ஆறும்வரை அவர் சிங்கப்பூர்ப் பக்கமே போகவில்லை.

தீபாவளித் துணி என்றால் எங்களுக்குத் தங்காக் டவுன்தான். வரிசையாகத் துணிக்கடைகள். அங்கே அம்மா வாயே மூட மாட்டார். "இந்த வெங்காயக் கலர் எப்படிங்க? அந்த மயில்கழுத்துப் பச்சையில அரக்குப் பார்டர் போட்டிருக்கான் பாருங்க." அப்பா துணியை விரலால் தடவி, "நல்லாருக்கு, நல்லாருக்கு," என்பார். கண்ணெதிரே கிடக்கிற துணிக்கு எதற்கு இத்தனை வர்ணனை என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது அந்தக் கடையை நினைத்துப் பார்க்கிறேன், அம்மாவின் பேச்சு வேறு மாதிரி கேட்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா ரயில் ஓட்ட ஆசைப்பட்டவர். ஏன் ஓட்டவில்லை என்று கேட்டால், "உயரம் பத்தலைன்னுட்டான் மா," என்பார். குவாட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த டிரைவர் மாமா அப்பாவின் தோளுக்குத்தான் வருவார். நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பேன். உட்கார்ந்து ஓட்டும்போது அவர் உயர்ந்துவிடுவார் போலிருக்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

டின்னைப் பரப்பி வைத்துக்கொண்டு நான் இப்படி எங்கெங்கோ அலைந்துகொண்டிருந்தபோது, என் கணவர் வந்து உட்கார்ந்தார். அவர் எதற்கும் வழி கண்டுபிடிக்கிறவர். "மறுபரிசோதனை கேக்கலாம்னு கடிதத்துலயே போட்டிருக்கு. அந்தப் புள்ளிப் படமெல்லாம் இன்டர்நெட்ல கிடக்குது. எந்தப் படத்துக்கு எந்த நம்பர்னு மனப்பாடம் பண்ணிட்டா முடிஞ்சது," என்றார்.

கவின் பரப்பியிருந்தவற்றில் ஒரு தண்ணீர்த் தொட்டியை எடுத்து உருட்டினான். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்தான். ஆனால் பிள்ளை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் படங்களை நானே அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது. நிறம் சொல்வது எனக்குப் பழகிய வேலை.

அப்போதுதான் கவின், கையில் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "ம்மா, அடியில கோடு போட்டிருக்கு," என்றான்.

அரத்தால் ராவிய சின்னக் கோடுகள். துருக் கீறல் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அவன் ஒவ்வொன்றாக எடுத்து அடியைத் தடவினான். ஒரு கோடு உள்ளவற்றை ஒரு பக்கம், இரண்டு கோடு உள்ளவற்றை ஒரு பக்கம், குறுக்குக் கோடு உள்ளவற்றை இன்னொரு பக்கம் என்று அடுக்கினான். அவன் பார்க்கவே இல்லை, விரலாலேயே பிரித்தான். முடித்துவிட்டு, "சரியா இருக்கா?" என்று கேட்டான்.

சிவப்பெல்லாம் ஒரு பக்கம். பச்சையெல்லாம் ஒரு பக்கம். பழுப்பு ஒரு பக்கம். ரம்புத்தான் சிவப்புக் கேட் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

நான் குளுவாங்கில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு ஃபோன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன்.

"அப்பாவுக்குக் கலர் தெரியாதாம்மா?"

"இப்பத்தான் கேக்குறியா?" என்றார் அம்மா. "நிச்சயத்துக்குப் பச்சைப் புடவைன்னு சொல்லிட்டு அரக்குல எடுத்துட்டு வந்தாரு. அன்னைக்கே தெரியும் எனக்கு. வெளிய சொல்லாதன்னாரு, சொல்லலை. புருஷன் பொண்டாட்டிக்குள்ள இது ஒரு விஷயமா?"

"உயரம் பத்தலைன்னு சொன்னாரே?"

"உயரமா! கண்ணு பாக்குற படத்துல கோட்டை விட்டாரு. ஒரு கூட்டாளி, நம்பரெல்லாம் எழுதித் தர்றேன், நெட்டுருப் போட்டுட்டு மறுபடி போன்னானாம். இவரும் சரின்னுட்டாராம். அப்புறம் என்னா தோணுச்சோ, ஒரு நாள் பொழுது சாஞ்சதும் யார்டு பக்கம் போய் நின்னு பாத்திருக்காரு. பகல்ல கைகாட்டி கை தாழ்ந்தா போ, நீட்டிக்கிட்டு இருந்தா நில்லு. அது யாருக்கும் தெரியும். இருட்டுனா கை தெரியாது, விளக்கு மட்டும்தான். இவருக்கு எந்த விளக்கும் ஒரே விளக்காத்தான் தெரிஞ்சுதாம். வீட்டுக்கு வந்து, 'எனக்குப் பின்னால எத்தனை பேரு உக்காந்திருப்பான்'னாரு. கூட்டாளிக்கிட்ட வேண்டாம்னுட்டாரு."

கவின் ஃபோனுக்குக் கிட்டே வந்தான். "அப்புறம் ஏன் பாட்டி கலரைப் போய்ச் சேர்த்தாரு?"

"நானும் கேட்டேன்யா. 'எல்லாரும் பாக்குறதை நானும் வச்சிருக்கேன்ல'ன்னாரு." உடனே அம்மா, "நீ சாப்பிட்டியா?" என்றார்.

என் கணவர் எழுந்துபோய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அது அணைந்துதான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் மனப்பாடத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் கவினும் அம்மாவைப் பார்க்கக் குளுவாங் போனோம். சாப்பாடு முடிந்து, பொழுது சாய்ந்த நேரத்தில், ஸ்டேஷன் வரை போய் வரலாம் என்று கவின்தான் கூப்பிட்டான். எங்கள் குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் வெற்றுத் தரை. கூட்ஸ் ஷெட்டைக் காணோம். எண்ணெய் வாசமும் இல்லை. தலைக்குமேல் மின்கம்பிகள், கீழே புதுத் தண்டவாளம். வேலியோரம் நின்றோம். தூரத்தில், இருட்டத் தொடங்கிய கம்ப வரிசையின் கடைசியில், ஒரே ஒரு புள்ளியாக சிக்னல் எரிந்தது.

எனக்கு வாய் தானாகத் திறந்தது.

"சொல்லாதீங்கம்மா," என்றான்.

வாயை மூடிக்கொண்டேன். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தான். ஒரு ரயில் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. அவன் அசையவில்லை. விளக்கு சிவப்பாக மாறியது எனக்குத் தெரிந்தது.

"இப்ப மஞ்சள்... இல்ல?" என்று என் பக்கம் திரும்பினான். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. "ஐயோ ம்மா, சிக்னலைவிட உங்க மூஞ்சி நல்லா காட்டுது."

"நான் ஒண்ணுமே சொல்லலையேடா."

"சொல்லலை, சொல்லலை." மறுபடி சிக்னல் பக்கம் திரும்பினான். "மறுபரிசோதனைக்கு வரலைன்னு நாளைக்கு எழுதிடுறேன். அப்பாக்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. ரயில்ல வேற வேலையே இல்லையா, என்ன."

எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது என்னவோ பசி. மத்தியானம் நானும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை போலும்.

கிளம்பும்போது, தாத்தா நின்று பார்த்த கைகாட்டி எங்கே இருந்தது என்று கேட்டான். எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்தேன். சிறுவயதில் அதன் காலடியில் எத்தனை நாள் விளையாடியிருக்கிறேன். அது தாழும்போது வரும் கடக்கென்ற சத்தம்கூட நினைவிருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு ஷெட் கூரையிலிருந்து புறாக்கள் எழும்பும். "அதோ, அங்கேதான்," என்று கையைத் தூக்கினேன். ஒரே மாதிரியான மின்கம்பங்கள் கண்ணுக்கெட்டியவரை நின்றன. எதைக் காட்டுவது என்று தெரியாமல் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாக இறக்கிக்கொண்டேன்.